கடப்புறத்தில் பிறந்தவனுக்குக் கடல் காற்று சேரவில்லையாம்!

எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் குமரி மாவட்டத்து நீரோடியிலிருந்து போய் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் படிக்கிற பையன் அலமாரியை நகர்த்திக் காட்டுகிறான். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. மெத்தைக்கு அடியில் ஈரம். பேசும்போது குரல் உடைகிறது. அதை வைத்து நம் ஆட்கள் ரெண்டு நாளாக அடிக்கிற கூத்தைத்தான் தாங்க முடியவில்லை. "நீரோடிக் கடப்பொறத்துல பொறந்தவனுக்குக் கடக்காத்து பிடிக்கல்லியாம்!" களியக்காவிளை மேதை ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "ஒக்கிப் புயலப் பாத்த ஊர்க்காரன் சாரலுக்கு அழுவுதான்" என்கிறார்.

கேளுங்கள் மேதைகளே. அவன் நம் கடப்புறத்தில் பிறந்ததால்தான் அந்தச் சுவர் கறுத்தது.

ஜூன் மாத இடவப்பாதி மழையில் நம் வீடுகளில் என்ன செய்வோம்? சன்னலைச் சாத்துவோம். ஈரம் வெளியே இருக்கிறது, உள்ளே வரக் கூடாது. 27 டிகிரி மழைக்காற்று ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவியைச் சுமந்துகொண்டு வரும். ஆகவே நம் ஊருக்கு அது சரி. வடகடல் ஓரத்தில் கணக்கு தலைகீழ். ஜனவரியில் வெளியே 5 டிகிரி என்றால், கொட்டுகிற மழையிலும் அந்தக் காற்றில் 7 கிராம்கூட நிற்காது. அதை அறைக்குள் விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குள் வந்துவிடும். நம் ஊர் மாசி மாத வெயில்கூட அவ்வளவு காய்ந்திருக்காது!

அப்படியானால் சுவரில் ஏறிய ஈரம் எங்கிருந்து வந்தது? அவனிடமிருந்துதான். குளிக்கிறான், சோறு பொங்குகிறான், எட்டு மணி நேரம் மூச்சு விட்டுத் தூங்குகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, அறைக்குள் துணி காயப்போடுகிறான். ஒரு மெஷின் துணி காய்ந்தால் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். சன்னலோ சாத்திக் கிடக்கிறது. 20 டிகிரியும் 60 சதவீத ஈரமும் உள்ள அறையில், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த இடத்திலும் நீர் கோத்துக்கொள்ளும். அலமாரி மறைத்த வெளிச்சுவர் மூலை அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

கொல்லங்கோட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, அங்கே படிக்கிற தன் மகனிடம் தினமும் ராத்திரி போனில் சொல்வது இதுதான்: "சன்னலச் சாத்திட்டுப் படு மக்ளே, பனி எறங்கும்." பாசத்தில் சொல்கிறார். பையனும் சாத்திவிட்டுத்தான் படுக்கிறான். சன்னல் சட்டத்தின் மேலே காற்று வர விட்டிருக்கும் சின்னக் கீற்றையும் குளிர் வருகிறதென்று டேப் ஒட்டி அடைத்திருக்கிறான். இவர்களில் யாரைச் சோம்பேறி என்பீர்கள்?

மழை பெய்தாலும் சன்னலைத் திற. இந்த ஒற்றை வரியை அவனிடம் சொல்ல ஆளில்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்வரை முப்பது தாளில் கையெழுத்து வாங்கிய ஏஜென்டுகளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. காலையும் இரவும் பத்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடினால் போதும். சுவர் சூடு போகாது, ஈரக் காற்று மட்டும் போகும். அலமாரியும் கட்டிலும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும். சோறு கொதிக்கும்போது மூடி போட வேண்டும். ஈரப்பதம் காட்டும் கருவி 10 பவுண்டுக்குள் கிடைக்கும்; முள் 60-ஐத் தாண்டியே நின்றால் ஏதோ அடைபட்டிருக்கிறது. ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்குபவர்கள் ஃப்ரிட்ஜ் போலக் குளிர்வித்து ஈரம் இழுக்கும் கம்ப்ரஸர் வகையை வாங்கி ஏமாறுகிறார்கள், குளிர் அறையில் அது சரியாக இழுக்காது. ஈரம் உறிஞ்சும் பொருளை உள்ளே வைத்த டெசிகன்ட் வகைதான் இழுக்கும். பூஞ்சையைத் துடைக்க பிளீச்சோடு வினிகரைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

"அதே கட்டிடத்துல வெள்ளக்காரப் பிள்ளேளும் இருக்குல்லா?" இருக்கிறார்கள். சன்னல் திறக்க அவர்களுக்கு அவர்கள் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"கடன் வாங்கிப் போனவன் ஹீட்டர் போடலாமா?" இது கேட்க வேண்டிய கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். பகலெல்லாம் அணைத்து வைத்து ராத்திரி ஒரு மணி நேரம் 25-ல் எரியவிடுவார்கள். காற்று சுடும், சுவர் சில்லென்றே இருக்கும், நீர் அதில்தான் கோக்கும். 18-ல் சீராக விட்டால் சுவர் அந்த அளவுக்குக் குளிராது. பில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் அறை பாழானால் முன்பணத்தில் பிடிப்பார்கள், ஸ்காட்லாந்தில் முன்பணம் இரண்டு மாத வாடகை வரை போகலாம். அந்தப் பணத்தை வீட்டுக்காரர் 30 வேலை நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட வைப்புத் திட்டத்தில் கட்டியாக வேண்டும் என்பதும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

"யூடியூப்ல எல்லாம் இருக்கு." இருக்கட்டுமே! பிரச்சினை சன்னல் என்று தெரிந்தவன்தானே சன்னலைப் பற்றித் தேடுவான்?

இதுவரை எழுதியது எரிச்சலில். இனி எழுதுவது வேறு. அந்தப் பதிவின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஒரு நாள் போய் கடல்ல முங்கிட்டு வா மக்கா, எல்லாம் செரியாவும்." எழுபது பேர் சிரித்திருக்கிறார்கள். நம் கடல் 28 டிகிரி. அபர்டீன் கடல் குளிர்காலத்தில் 6, 7. தண்ணீர் 15-க்குக் கீழே போனாலே, இறங்கிய நொடியில் உடம்பு தன்னை அறியாமல் மூச்சை இழுக்கும். அப்போது வாயில் தண்ணீர் இருந்தால் முடிந்தது. தூத்தூர்க்காரன் எத்தனை மைல் நீந்துவான் என்பதெல்லாம் அந்த முதல் நிமிடத்துக்குப் பிறகுதான். விழுந்தால் நீந்தாதே, மல்லாந்து மித, மூச்சு அடங்கட்டும் என்றுதான் அங்கே சொல்லித் தருகிறார்கள். கரையில் நிற்பவன் அங்குள்ள அவசர எண் 999-க்கு அடித்து, கடலில் மீட்கும் கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும். நீங்கள் சிரித்தது இதற்குத்தான்.

ஒக்கியை வேறு இழுக்கிறீர்கள். 2017 நவம்பர் கடைசியில் போனவர்கள் திரும்பாத வீடுகள் வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் இருக்கின்றன. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து இந்த மீமை வாசித்துக் காட்டுங்களேன், பார்ப்போம்.

டிசம்பரில் அங்கே காலை எட்டே முக்காலுக்கு விடிந்து மாலை மூன்றரைக்கு இருட்டிவிடும். வகுப்பு முடிந்து வரும்போது ராத்திரி. நம் நிறத்துக்கு அங்கே தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி வேண்டும், வருஷம் முழுக்க. குரல் உடைவதில் என்ன ஆச்சரியம்? விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான். ஜிபி என்கிற பகுதி டாக்டரிடம் பெயர் பதிந்தால் டாக்டருக்குக் காசில்லை, ஸ்காட்லாந்தில் மருந்துச் சீட்டுக்கும் காசில்லை. அதையாவது யாராவது கமெண்டில் எழுதினீர்களா?

அவன் நம்பர் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே கூப்பிடுங்கள். அலமாரியைத் திரும்பச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பான், தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மீம் போட்டவர்கள் அழிக்க வேண்டாம், கிடக்கட்டும்.