பாலம் கட்டியாச்சு, பஸ்ஸை யார் ஓட்டுவது?

2025 செப்டம்பரில் சீனாவின் குய்சோ மாகாணத்தில் ஹுவாஜியாங் பாலத்தைத் திறந்தார்கள். ஆற்றிலிருந்து 625 மீட்டர் உயரம். உலகத்தில் இதைவிட உயரமான பாலம் இல்லை. நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்த வீடியோ ஒரு சுற்று சுற்றியது, "சீனாக்காரனைப் பாருங்கள்" என்ற வரியோடு.

பாலத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இரண்டு மணி நேரம் மலையைச் சுற்றிப் போன இடத்துக்கு இப்போது இரண்டே நிமிடம். பிரசவ வலியோடு வண்டியில் போகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் அதே குய்சோவில் துஷான் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நம் கணக்கில் ஒரு தாலுகா மாதிரி. அங்கே ஷுயி பழங்குடியினரின் மரக்கட்டட பாணியில், அடுக்கடுக்கான கூரைகளோடு 24 மாடியில் ஒரு மாளிகையை எழுப்பினார்கள். உயரம் 99.9 மீட்டர். வெளிப்புறம் ஜோராக நின்றது. உள்ளே வேலை பாதியில் நின்றுபோனது. ஆண்டு வருமானம் 100 கோடி யுவானைக்கூடத் தொடாத அந்த ஊருக்கு 4,000 கோடி யுவான் கடன். 2020-ல் ஒரு வீடியோ வெளியான பிறகுதான் நாடு முழுக்க இது தெரிந்தது.

ஒரு அதிகாரியின் பேராசை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1994 வரிச் சீர்திருத்தத்தில் வரிப்பணத்தின் பெரும்பங்கு பெய்ஜிங்குக்குப் போனது, செலவு ஊர்களிடமே தங்கிவிட்டது. நேரடியாகக் கடன் வாங்க அனுமதி இல்லாததால் ஊருக்கு ஊர் ஒரு கம்பெனி தொடங்கி, அதன் பேரில் வாங்கினார்கள். நிலத்தை விற்று அடைத்துவிடலாம் என்பது நம்பிக்கை. 2021-க்குப் பிறகு வீட்டு வியாபாரம் படுத்தது, நிலம் வாங்க ஆளில்லை. குய்சோவின் சுன்யி நகரில் அப்படி ஒரு சாலை, பாலக் கம்பெனி 1,560 கோடி யுவான் கடனைக் கட்ட 20 வருடம் தவணை வாங்கியது. முதல் பத்து வருடம் வட்டி மட்டும்தான். அசலைத் தொடப்போவது அடுத்த தலைமுறை அதிகாரிகள்.

எனக்கு அதிகம் வலித்தது ஹெனான் மாகாணத்தில் இருக்கும் ஷாங்சியு ஊரின் கதை. அதிவேக ரயில்பாதைகள் சந்திக்கும் ஊர் அது. 2023 பிப்ரவரியில் அங்கே டவுன் பஸ் கம்பெனி, மார்ச் 1 முதல் பஸ் ஓடாது என்று அறிவித்தது. மானியம் வந்து சேரவில்லை, ஊழியர்களுக்குச் சம்பளம் பாக்கி. ஸ்டேஷன் கட்டக் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது, டிரைவர் சம்பளத்துக்கு யார் கொடுப்பார்கள்? ஆனால் காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போகும் பாட்டிக்கு வேண்டியது அந்த டவுன் பஸ்தானே.

செய்தி பரவியதும் கம்பெனி மன்னிப்புக் கேட்டு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பஸ் நிற்கவில்லை. சரி, சந்தோஷம். அடுத்த முறை அந்தப் பாலத்து வீடியோவை அனுப்பும்போது, சம்பளம் வராமல் காத்திருந்த அந்த டிரைவர்களைப் பற்றியும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.