தவறுதலாக வந்த சிக் பே (நோய் விடுப்புச் சம்பளம்): சுற்றும் செய்தி சரியல்ல

“நோய் விடுப்பில் இருந்தபோது கம்பெனி தவறுதலாகக் கூடுதல் பணம் போட்டுவிட்டால், நீங்கள் கையெழுத்துப் போடாமல் சம்பளத்தில் பிடிக்க முடியாது. செலவாகிவிட்டால் திருப்பித் தரவே வேண்டாம்.” பிரிட்டனில் உள்ள நம்மவர்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. நம்பிச் சும்மா இருந்தால் ஒரே மாதத்தில் பெருந்தொகை பிடிபடலாம்.

1996 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு எழுத்துச் சம்மதம் கேட்பது உண்மைதான். ஆனால் 14ஆம் பிரிவு, கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தை மீட்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்கிறது. சிக் பேயும் அதில் அடக்கம். அரசின் சட்ட இணையதளத்தில் யாரும் படிக்கலாம்.

செலவாகிவிட்டது என்பது மட்டும் போதாது. ஏவன் கவுண்டி கவுன்சில் தொடுத்த வழக்கில் (1983) ஓர் ஆசிரியர் திருப்பித் தராமல் தப்பினார். கூடுதலாக வந்தது 1,007 பவுண்டு. சம்பளம் சரிதான் என்று கவுன்சில் சொன்னதை நம்பி, நல்லெண்ணத்தோடு அதில் ஒரு பகுதியைச் செலவழித்திருந்தார். தவறு என்று தெரிந்தே செலவழித்தவருக்கு இந்த வாதம் உதவாது.

நோய் விடுப்பு நீண்டு, அரைச் சம்பளத்துக்கு மாற வேண்டிய மாதத்தில் முழுச் சம்பளம் தொடர்வதுதான் வழக்கமான பிழை. பேஸ்லிப்பில் அதைப் பாருங்கள். கணக்கை எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதிகள், எவ்வளவு, வரி கழித்ததா கழிக்காததா. பிறகு தவணை தவணையாகப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகமிருந்தால், வேலை உரிமைகள் பற்றி இலவச ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண் 0300 123 1100. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.