"என்றால் சரியல்ல"

நேற்று ராத்திரி ஒரு கோர்ட் நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் கடைசியில் வக்கீல் ஒரு கேள்வி கேட்க, சாட்சி கூண்டிலேயே உடைந்து அழுது உண்மையைக் கொட்டுகிறான். மூன்று பக்கம்தான். அதற்கு முன்னும் பின்னும் அந்த மனிதன் கதையில் இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் என் அப்பா. ஏற்காடு அடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்தார். எஸ்டேட்டில் திருடுபோன மிளகு மூட்டைகளைப் போலீஸ் கைப்பற்றியபோது பக்கத்தில் நின்றவர் அவர். கைப்பற்றியதை எழுதும் மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் அவருக்கும் அந்த வழக்குக்கும் உள்ள தொடர்பு.

நாலு வருஷம் கழித்து சம்மன் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு அஸ்தம்பட்டி கோர்ட்டுக்குப் போனார். வாய்தா. மறுபடி போனார், மறுபடி வாய்தா. மூன்றாவது தடவைதான் கோர்ட் ஊழியரான டவாலி அவர் பெயரைக் கூப்பிட்டார். சாக்கு என்ன நிறம், அன்று மழை பெய்ததா, ஸ்டேஷனில் வைத்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று குறுக்கு விசாரணை. சாக்கின் நிறம் அப்பாவுக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்றே சொன்னார்.

வக்கீல் மேல் எனக்குக் கோபம் கிடையாது. போலீஸ் எழுதியதை எல்லாம் யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டால் நிரபராதிதான் உள்ளே போவான். என் ஆதங்கமெல்லாம் எழுதுகிறவர்கள் மேல். கூண்டில் நிற்பவனின் குணம்தானே அங்கே சோதனைக்கு வருகிறது? போலீஸ் விசாரணையில் அவன் சொன்னதாக எழுதப்படும் வாக்குமூலத்தில் அவன் கையெழுத்துகூட இருக்காது. அதில் இல்லாத ஒரு முக்கியமான விஷயத்தைக் கோர்ட்டில் சொன்னால், "அன்றைக்கு இதைச் சொல்லவில்லையே" என்று மடக்குவார்கள். குற்றம் சாட்டப்பட்டவனின் ஆட்கள் அதே பஸ்ஸில் ஊர் திரும்புவார்கள். இதை விடப் பெரிய திரில்லர் என்ன இருக்கிறது?

பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்பவன் என்றாலே காசு வாங்கியவன் என்று எழுதிவிடுகிறார்கள். பயந்தவன் இருக்கிறான், களைத்தவன் இருக்கிறான், நிஜமாகவே மறந்தவனும் இருக்கிறான். சாட்சி பிறழ்ந்ததும் வழக்கு செத்துவிடும் என்பதும் கதைதான். அவன் சொன்னதில் நம்பத்தகுந்த பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். சாட்சிகளைப் பாதுகாக்க ஒரு திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே 2018 டிசம்பரில்தான். அதுவரை அவர்கள் தனியாகத்தான் நின்றார்கள்.

நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1882 சேலம் கலவரத்தைத் தூண்டினார் என்று நகரசபை உறுப்பினர் சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து வருஷம் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றம் வரை போராடி விடுதலை ஆனார். பறிபோன நகரசபைப் பதவியையும் வழக்குப் போட்டுத் திரும்ப வாங்கினார். 1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் அந்த வழக்கில் கூண்டேறி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பேசிய சேலத்துக்காரர்கள் யார்? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள்? அதை யாராவது நாவலாக எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

அப்பா போன பிறகு பழைய தகரப் பெட்டியில் அவருடைய சாட்சியத்தின் நகல் கிடைத்தது. கடைசி வரி இப்படி இருந்தது: "நான் போலீசாருக்காகப் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." வக்கீல் அப்படிச் சொல்ல, சாட்சி மறுத்தார் என்று குறுக்கு விசாரணையின் முடிவில் வழக்கமாக எழுதும் வரிதான். அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து, "என்னைப் பொய்யன்னு கேட்டாங்கடா" என்றார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது அவர் காதில் விழவே இல்லை.