கதையைச் சொல்லாதீங்கப்பா!

காமிக்ஸ் விமர்சனம் எழுதுறேன்னு கிளம்புறவங்க, முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் கதையை அப்படியே ஒப்பிச்சிடுறாங்க. சிவகாசியில அச்சாகுற புத்தகம் காரைக்குடிக்கு வந்து சேர்றதுக்குள்ள, வில்லன் யாருன்னு வாட்ஸ்அப்புல வந்து விழுந்துடுது. எங்க ஊர் கல்லுக்கட்டிப் பக்கம் நிம்மதியா ஒரு டீ குடிக்க முடியல. "அண்ணே, கடைசில அவன்தாண்ணே..."ன்னு ஒரு தம்பி ஆரம்பிச்சிடுறான். வயிறு எரியுது.

உள்ள வரைஞ்சிருக்கிற படத்தைப் பத்தி ஒரு வரி எழுத வேணாமா? 1972-ல முத்து காமிக்ஸோட முதல் இதழா வந்த இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்குங்க. மின்சாரம் பாய்ஞ்சா ஆள் மறைஞ்சு, இரும்புக்கை மட்டும் தெரியும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். ஆனா வெறும் கறுப்பு வெள்ளையில, அந்தரத்துல நிக்கிற ஒரு கையோட விரல் மடங்குற விதத்துலயே கோபத்தையும் பதற்றத்தையும் காட்டினாரே ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ, அதை யார் எழுதுறா?

மொழிபெயர்ப்பு ஓடுதா, இடறுதா? கறுப்பு மை அப்பிக்கிட்டு கோடெல்லாம் மறைஞ்சிருக்கா? வசனம் எழுதுற பலூனுக்குள்ள எழுத்து நெருக்கியடிக்குதா? காசு கொடுத்து வாங்கப்போறவனுக்கு இதைச் சொல்லுங்கப்பா.