ஒத்தாசையாம், ஒத்தாசை!

சனிக்கிழமை எங்கள் பரதநாட்டிய வகுப்புப் பிள்ளைகளின் சலங்கை பூஜை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்கு அடித்த நிகழ்ச்சிப் புத்தகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. முதல் பக்கத்தில், வழவழ தாளில், என் வீட்டுக்காரர் கையில் தாளம் தட்டும் தட்டுக்கழியோடு சிரிக்கிறார். கீழே ‘நடன அமைப்பு, நட்டுவாங்கம், இயக்கம்: மாஸ்டர்’. சரி, என் பெயர் எங்கே என்று புரட்டினால் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்த அங்கிளுக்கும் வேன் ஓட்டிய தம்பிக்கும் நடுவில், ‘ஒத்தாசை: திருமதி மாஸ்டர்’. என் சொந்தப் பெயர்கூட இல்லை!

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவரிசை மாடியில் 19 வருஷமாக இந்த வகுப்பை நடத்துகிறோம். முதல் பாடமான தட்டடவில் தொடங்கி முதல் இரண்டு வருஷம் பிள்ளைகளை முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார வைப்பது யார்? நான். பிள்ளைகள் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ஆண்டி. அவர் மாஸ்டர், நான் ஆண்டி. மாதக் கட்டணம் 80 வெள்ளியை நீட்டும்போது “மாஸ்டர் இல்லீங்களா?” என்று எட்டிப் பார்ப்பார்கள், மூன்று மாதப் பாக்கியைக் கேட்பதற்கு மட்டும் ஆண்டி வேண்டும்.

அன்றைக்கு வர்ணம் என்ற பெரிய உருப்படியில் மூன்றாவது தீர்மானத்துக்கு, அதாவது சொற்கட்டுக்கு ஆடும் அடவுக் கோவைக்கு, மண்டபமே கைதட்டியதே, அது ராத்திரி ஒரு மணிக்குச் சட்டி கழுவிக்கொண்டே நான் கோத்தது. கடைசியில் ததிங்கிணதோம் மூன்று தடவை வரும், மூன்றாவதுக்கு முன்னால் ஒரு கார்வை, அதாவது சின்ன இடைவெளி, விட்டால்தான் பாட்டு தொடங்கும் எடுப்பில் சரியாக வந்து உட்காரும். அவர் போட்ட கணக்கில் அது முன்கூட்டியே முடிந்து, ஒத்திகையில் மிருதங்கக்காரர் திருதிருவென்று விழித்தார். நான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பெயர் ஒத்தாசையாம்.

இந்தக் கோபத்தோடு இருக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை இவர் மாமாக் கடையில் ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வந்து, “நடனத் தம்பதி கதையாம், நம்ம கதை மாதிரியே இருக்கும்” என்று ‘ஃபாஸி/வெர்டன்’ தொடரைப் போட்டார். 2019இல் வந்தது, 8 பாகம். கணவர் பாப் ஃபாஸி நடனம் அமைப்பவர், மனைவி க்வென் வெர்டன் ஆடுபவர், நியூயார்க் பிராட்வே நாடக மேடையின் பெரிய ஜோடி. இரண்டாவது பாகத்திலேயே இவர் ஆரம்பித்துவிட்டார்: “என்ன மூளை பாரேன் அந்த மனுஷனுக்கு!”

மூளைதான், யார் இல்லை என்றது? ஆனால் 1959க்குள்ளேயே நான்கு டோனி நாடக விருது வாங்கிய நட்சத்திரம் அந்த அம்மா. அந்த வருஷம் வந்த ‘ரெட்ஹெட்’ நாடகத்தில் நான் ஆட வேண்டுமென்றால் ஃபாஸிதான் இயக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று அவரை இயக்குநராக்கியவளும் அவள்தான். ஃபாஸி இயக்கிய ‘கேபரே’ படம் ஜெர்மனியில் எடுக்கும்போது அங்கே கிடைத்த கொரில்லா வேஷம் சரியில்லை என்று விமானம் ஏறி நியூயார்க் போய் வேறொன்றைத் தூக்கி வந்தாள். திரும்பி வந்து அவருடைய ஓட்டல் அறைக் கதவைத் தட்டினால் உள்ளே வேறொரு பெண். அந்தப் படத்துக்கு 1973இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

கொரில்லாத் தலையைப் பார்த்ததும் எனக்கு என் மயில்தோகை ஞாபகம் வந்துவிட்டது. முருகன் நாட்டிய நாடகத்துக்காக, தீபாவளிக்கு முந்தின வாரம், கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு ஃபெடரல் ஹைவே ஜாமில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தேன். ஏர்கோன் கெட்டுப்போன கார், தோகை பறந்துவிடும் என்று ஜன்னலையும் திறக்க முடியாது. வியர்த்து ஒழுகி வந்து சேர்ந்தால், “ஏன் இவ்வளவு லேட்?” நல்லவேளை, நான் வந்தபோது இவர் வெறும் தே தாரிக்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தொடராவது ஒழுங்கா என்றால், அதன் மேலும் எனக்குக் கோபம்தான். தலைப்பில் இரண்டு பெயரும் இருக்கிறது, நடுவில் ஒரு கோடு போட்டுச் சமமாக்கியாயிற்று. ஆனால் திரையில் அடிக்கடி ‘இன்னும் இத்தனை வருஷம்’ என்று எழுத்து வரும், பார்த்தீர்களா? அது ஃபாஸி சாகிற நாளை நோக்கி ஓடுகிற கணக்கு. அவர் 1987இல் போனார். அவள் 2000 வரை இருந்தாள். அவளுக்கு எந்தக் கடிகாரமும் ஓடவில்லை! மிஷெல் வில்லியம்ஸ் வெர்டன் வேஷத்தில் பிய்த்து உதறியிருக்கிறார், அதற்கு எம்மி என்ற டிவி விருது வாங்கிய மேடையில் தனக்குச் சமமாகச் சம்பளம் கொடுத்ததற்கு நன்றி சொன்னார். சமமாகக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைமை, அதுவும் இந்தக் கதையில் நடித்துவிட்டு.

“பின்னே ஏன் விட்டுப் போகாம இருந்தாங்க?” என்று இவர் கேட்டார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு உச்சி மண்டை சூடானது. 1971இல் பிரிந்துதான் போனாள், விவாகரத்து மட்டும் செய்யவில்லை. பிரிந்த பிறகும் 1975இல் அவரோடு ‘சிகாகோ’ நாடகம் செய்தாள், அந்தக் கதையை எடுத்துச் செய்யலாம் என்று முதலில் சொன்னதே அவள்தான். அவர் வாஷிங்டனில் தெருவில் சரிந்து விழுந்தபோதும் பக்கத்தில் அவள்தான் இருந்தாள். அவர் போய் 12 வருஷம் கழித்து, 1999இல், அவருடைய நடனங்களைச் சேர்த்துப் பிராட்வேயில் ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். பெயர் ‘ஃபாஸி’. அவர் பெயர் மட்டும். அவளுக்கு அதில் என்ன பதவி தெரியுமா? கலை ஆலோசகர். எங்கள் அச்சகத்துக்காரர் பாஷையில் சொன்னால், ஒத்தாசை.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் என் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார், அதுவும் ஒரு நடிப்பு. “அச்சகத்துக்காரன் தப்பும்மா, நான் என்ன பண்ண?” என்றார். மாதிரிப் பக்கம் இவர் வாட்ஸ்அப்புக்குத்தான் வந்தது, இவர்தான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி அனுப்பினார். நான் பார்த்தேனே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூடத்திலிருந்து குரல் வருகிறது: “ஏம்மா, அடுத்த மாசம் கோயில் நிகழ்ச்சிக்கு அந்த மூணாவது தீர்மானம் வேணும், கடைசியில எப்படி வரும்?” நிகழ்ச்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்கச் சொல்லிவிட்டேன்.