பரண் மேல் இருக்கும் பித்தளை அண்டா

2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி ஆக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணு என்றன. அம்மா அடுப்படியிலிருந்து, "எந்த லாரி கண்ணு நம்ம சந்துக்குள்ள வருது?" என்று கேட்டார். எங்கள் அம்மாபேட்டைச் சந்தில் ஆட்டோ திரும்புவதே பெரும்பாடு. லாரி எங்கே வரும்?

எங்களுக்கு அதிர்வு ஒன்றும் புதிதில்லை. அக்கம்பக்கத்தில் விசைத்தறி ஓடும் வீடுகள் உண்டு. வார நாட்களில் தரையில் கை வைத்தால் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும், டம்ளரில் தண்ணீர் வளையம் போடும். அன்று ஞாயிறு, தறி நின்றிருந்ததால்தான் அதை உணரவே முடிந்தது. கருப்பூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள் என்றே நினைத்திருக்கிறார். அரை மணி நேரம் கழித்து டிவியில் வந்தது: சேலம் பகுதியில் நில அதிர்வு, ரிக்டர் அளவில் 3.3.

அந்தச் சில விநாடிகளில் என் வீட்டில் யார் யார் என்ன செய்தோம் என்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. அப்பா ஓடிப்போய் நிலைப்படியில் நின்று இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டார். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள். நான் போனை எடுத்து வாட்ஸாப்பைப் பார்த்தேன். அம்மா மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே சுவரோரம் உட்கார்ந்தார். எழுபது வயதில் அவர் ஒருவர்தான் உருப்படியாக நடந்துகொண்டார். கேட்டால், "காலு வலி, ஓட முடியலை" என்கிறார்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் இன்ஜினீயர் இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஹார்டுவேர் கடை, பதினெட்டு வருஷமாக. வீடு கட்டுபவர்கள் எதற்குக் காசை அள்ளி விடுகிறார்கள், எதற்குப் பேரம் பேசுகிறார்கள் என்பது என் கல்லாவுக்குத் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நம் ஊரில் பூகம்பம் வராது என்பது ஒரு பேச்சு. சேர்வராயன் மலை அடியில் இருக்கிறோம், கெட்டிப் பாறை, கோடிக்கணக்கான வருஷப் பழசு, அசையாது என்பார்கள். பாறை பழசு என்பது உண்மைதான். ஆனால் மகாராஷ்டிராவில் லாத்தூர்ப் பக்கம் இருக்கும் கில்லாரி என்ற ஊரில் இருப்பதும் பழைய கெட்டி நிலம்தான். 1993 செப்டம்பர் 30, விடிவதற்கு முன் நாலு மணி வாக்கில் அங்கே பூமி குலுங்கியது. கணபதி சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து ஜனங்கள் அசந்து தூங்கிய நேரம். செத்தவர்கள் பத்தாயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட. அன்றைய நில அதிர்வு வரைபடத்தில் அந்த ஊர் இருந்தது ஒன்றாம் மண்டலத்தில், அதாவது ஆபத்து மிகக் குறைவு என்று குறித்த இடத்தில். 2002இல் வந்த கட்டுமான விதித்தொகுப்பு சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது, சென்னை, கோவை, வேலூரோடு சேர்த்து. மதுரையும் திருச்சியும் இரண்டில். கோவைப் பக்கம் 1900இல் ஆறு அளவுக்கு ஒன்று வந்திருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வராது என்று சொல்பவரிடம் எந்தச் சீட்டும் கிடையாது, அவ்வளவுதான்.

நமக்கு வந்த 3.3ஐயும் கில்லாரியின் 6.2ஐயும் பார்த்து, "இரண்டு மடங்குதானே" என்றார் ஒரு நண்பர். அந்தக் கணக்கு அப்படிப் போகாது. அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் முப்பத்திரண்டு மடங்கு. அப்படிப் பெருக்கிக்கொண்டே போனால் அது நம்முடையதைப்போல இருபதாயிரம் மடங்கைத் தாண்டும். நாம் பார்த்தது தட்டு ஸ்டாண்டோடு முடிந்தது.

கில்லாரியில் ஆட்களைக் கொன்றது வீடு. இரண்டடிக்கும் மேல் தடித்த கருங்கல் சுவர், மண் சாந்து, மேலே மரச் சட்டத்தின் மீது வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கொட்டி வைத்த மண். வசதியானவர் வீடென்றால் சுவர் இன்னும் தடிப்பு. குலுங்கியதும் சுவரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனியாகப் பிரிந்து சரிந்தன, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கல் நடுவில் இல்லாததால். மண் கூரை அப்படியே மேலே இறங்கியது. கூரைக் குடிசைகளில் படுத்திருந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். சேலத்தைச் சுற்றியும் ஏற்காட்டுக் கிராமங்களிலும் மண் சாந்தில் கட்டிய பழைய கருங்கல் வீடுகள் இன்னும் இருக்கின்றன, ஆள் குடியிருக்கும் வீடுகளாகவே.

"பூகம்பம் வந்தால் வெளியே ஓடு" என்று ஒரே வரியில் சொல்வது எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். எந்த வீடு என்று கேட்காமல் ஓடச் சொல்ல முடியாது. தரைத்தளத்தில், மண் சாந்துச் சுவரும் கனத்த கூரையுமான வீட்டில், வாசல் நாலு எட்டில் இருந்து, அதற்கப்பால் திறந்த களமோ காடோ இருந்தால் ஓடுங்கள். கம்பி கட்டி கான்கிரீட் போட்ட வீட்டில், அதுவும் மாடியில் இருந்தால், ஓடாதீர்கள். குலுக்கல் பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் நீங்கள் மாடிப்படியில் இருப்பீர்கள், கட்டடத்தில் படிக்கட்டு ஒன்றும் பலமான இடம் இல்லை. தப்பி வாசலுக்கு வந்தாலும் தலைக்கு மேலே என்ன இருக்கிறது? கைப்பிடிச் சுவர், அதன்மேல் துளசித் தொட்டி, எலிவேஷனுக்கு ஒட்டிய கல், போர்டு. எங்கள் வீட்டில் படிக்கட்டு அறையின் உச்சியில், நாலு செங்கல் தூண் எழுப்பி, அதன் மேல் பலகைக்கல் போட்டு உட்கார வைத்த ஆயிரம் லிட்டர் டேங்க். தண்ணீர் மட்டுமே ஒரு டன். அந்தத் தூணுக்குள் ஒரு கம்பி கூடக் கிடையாது. மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது நேராக அதன் அடியில்.

சரி, ஓடாமல் என்ன செய்வது? உட்கார்ந்து, குனிந்து, உறுதியான மேஜை இருந்தால் அதன் அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேஜை நகர்ந்தால் கூடவே நகர வேண்டும். நம்மில் பாதிப் பேர் வீட்டில் சாப்பாட்டு மேஜை கிடையாது, இருந்தால் அதன் மேல் துணி மடித்து வைத்திருப்போம், அடியில் வெங்காயக் கூடை. மேஜை இல்லாதவர்கள் ஜன்னல், கண்ணாடி, பீரோ எதுவும் பக்கத்தில் இல்லாத உள்சுவர் ஓரமாக உட்கார்ந்து, தலையையும் பிடரியையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். அம்மா கால்வலியில் செய்தது கிட்டத்தட்ட இதுதான். கட்டிலில் படுத்திருந்தால் இறங்க வேண்டாம், தலையணையால் தலையை மூடிக் கவிழ்ந்து படுங்கள். இருட்டில் இறங்கி ஓடித்தான் உடைந்த கண்ணாடியில் காலைக் கிழித்துக்கொள்கிறார்கள். லிப்ட் பக்கமே போகக்கூடாது. நின்ற பிறகு கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் வாடை அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வாருங்கள். பின்னதிர்வு வரும் என்பதால் பர்ஸை எடுக்க மறுபடி உள்ளே நுழைய வேண்டாம்.

அப்பாவின் நிலைப்படியைப் பற்றி ஒன்று. அது எந்தக் காலத்திலோ இடிந்த மண் வீடுகளில் நிலை மட்டும் நின்றதைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை. இப்போதைய வீட்டில் நிலைக்கென்று தனி பலம் கிடையாது, கதவு ஆடி வந்து விரலை நசுக்குவதுதான் மிச்சம். இதை அப்பாவிடம் சொன்னபோது, "தேக்கு நிலைடா" என்றார்.

வாட்ஸாப்பில் சுற்றும் "முக்கோணம்" என்ற செய்தியையும் தூக்கிப் போடுங்கள். பீரோவுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தால் இடிபாட்டில் முக்கோணமாக ஓர் இடம் கிடைக்கும் என்று படம் போட்டு வருகிறதே, அதுதான். பீரோ எந்தப் பக்கம் விழும் என்று பீரோவுக்கே தெரியாது. 2018இல் அன்று மதியமே இன்னொன்று வந்தது, "இன்று இரவு பன்னிரண்டு மணிக்கு இதைவிடப் பெரியது". எங்கள் தெருவில் பத்துப் பேர் பாயை எடுத்துக்கொண்டு கோயில் திடலுக்குப் போய்விட்டார்கள். நேரம் சொல்லிப் பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. ஆண்ட்ராய்டு போனில் 2023 முதல் நம் நாட்டிலும் ஓர் எச்சரிக்கை வசதி இருக்கிறது. அது எங்கோ குலுங்க ஆரம்பித்த பிறகு, அலை நம்மிடம் வந்து சேர்வதற்குள் சில விநாடி முந்திக் கத்தும். அதுவே பெரிய விஷயம். செட்டிங்ஸில் போய் அது ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது என் கடைக்கு வருகிறேன், வயிறு எரிவது இங்கேதான். போன மாதம் ஒருவர் வந்தார். வாசல் கதவுக்கு மட்டும் ஒன்றரை லட்சமாம், வாஸ்து பார்த்து சமையலறையை இரண்டு தடவை மாற்றினாராம். ரிங் கம்பி விலை சொன்னதும், "எட்டு இன்ச்சுக்கு ஒண்ணு போட்டா போதுமே" என்கிறார். தூணைச் சுற்றிக் கட்டும் அந்தச் சதுர ரிங்தான் குலுக்கலில் தூண் பிதுங்கி உடையாமல் கட்டிப் பிடிப்பது. தூணும் பீமும் சேரும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் நாலு இன்ச்சுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. இன்னொன்று, அந்த ரிங்கின் இரண்டு முனையையும் உள்நோக்கி 135 டிகிரிக்கு, கொக்கி மாதிரி நன்றாக மடக்கி விட வேண்டும். நம் ஆட்கள் 90 டிகிரியில் எல் மாதிரி மடக்கிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். குலுங்கும்போது வெளிக் கான்கிரீட் உதிர்ந்தால் அந்த எல் அவிழ்ந்துகொள்ளும். கம்பி கட்டுபவரிடம் கேட்டேன், "இன்னும் கொஞ்சம் மடக்கினா என்னண்ணே?" "ஒரு ரிங்குக்கு ரெண்டு தடவை கூட வளைக்கணும். கூலி யாரு குடுப்பா?" என்றார். நியாயமான கேள்வி. ஒன்றரை லட்ச ரூபாய்க் கதவு போடுபவர்தான் கொடுக்க வேண்டும்.

கீழே நாலு தூண் மட்டும் விட்டு கார் நிறுத்திக்கொண்டு, மேலே மூன்று மாடி சுவர் எழுப்பும் வழக்கம் சேலத்தில் தெருத் தெருவாகப் பரவிவிட்டது. குஜராத்தில் 2001 ஜனவரி 26 அன்று வந்த பூஜ் பூகம்பத்தில் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்ததே, அவற்றில் பல இந்த வகைதான். மேலே சுவர்களால் கெட்டி, கீழே வெறும் கால். எல்லா ஆட்டமும் அந்தக் கால்களில் வந்து விழும். ஏற்காட்டில் இது வேறு மாதிரி. சரிவில் கட்டும்போது பள்ளத்துப் பக்கம் தூண் நெடுக நிற்கும், மேட்டுப் பக்கம் குட்டையாக இருக்கும். பார்ப்பவர்கள் நெட்டைத் தூணைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். குலுங்கும்போது முதலில் அடி வாங்குவது குட்டைத் தூண், அதற்கு வளைந்து கொடுக்க இடம் இல்லை. வியூ நன்றாக இருக்கிறது என்று அறை எடுக்கிறோம், ஒருநாள் கீழே எட்டியும் பாருங்கள்.

மலைப்பாதையில் வண்டியில் இருக்கும்போது வந்தால், வெட்டிய பாறைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மழைக்கே கல் உருளும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. ஈரம் குடித்த மலையில் சின்னக் குலுக்கல் கூட என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

கட்டி முடித்த வீட்டின் தூணை இனி நம்மால் பிரிக்க முடியாது. உள்ளே இருப்பதை மாற்றலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான் செய்தது: பீரோவின் மேல் விளிம்பைச் சுவரோடு சேர்த்து இரண்டு எல் கிளாம்ப், நாலு ஃபாஸ்ட்னர். டிரில் மெஷின் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் பத்து நிமிஷ வேலை. ஃபேன் கொக்கியை ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன், ஹாலில் இருந்தது பாதி தேய்ந்திருந்தது, மாற்றினேன். டேங்கை இறக்கி, கம்பி கட்டிய மேடை போட்டு ஏற்றியது மட்டும்தான் கொஞ்சம் செலவு. கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு செருப்பு, ஒரு டார்ச்.

அம்மாவின் அறையில்தான் பேச்சுவார்த்தை நீண்டது. அவர் கட்டிலுக்கு நேர் மேலே பரண். அதில் பாட்டி சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டா, அதற்குள் குடம், குடத்துக்குள் சொம்பு, பக்கத்தில் ஒரு கல் உரல். உரல் எப்படி அங்கே ஏறியது என்று யாருக்கும் நினைவில்லை. "அண்டாவைக் கீழே இறக்கிடலாம்மா" என்றேன். "எங்க மாமியா வெச்ச எடம், அதைத் தொடாத" என்றார். உரலை இறக்க மட்டும் சம்மதித்தார், அதை இப்போது வாசலில் செடி வைக்க உபயோகிக்கிறார். அண்டா மேலேயேதான் இருக்கிறது. கட்டிலை நாலடி தள்ளி ஜன்னல் இல்லாத சுவரோரம் போட்டிருக்கிறேன். காற்று வரவில்லை என்று இன்று காலை கூடத் திட்டினார்.