அது மரியா கேரி எழுதிய பாட்டு இல்லை

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். ‘வித்தவுட் யூ’ என்ற ஆங்கிலப் பாட்டு பாடகி மரியா கேரி எழுதியது என்று அதில் சொன்னார்கள். கீழே ஒரு வரியில் திருத்தம் போட்டேன். “யாரு எழுதினா என்னண்ணே, பாட்டு நல்லா இருக்குல்ல?” என்று பதில் வந்தது. அதற்கு வரிசையாகச் சிரிப்பு இமோஜிகள். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

எழுதியவர்கள் பீட் ஹேம், டாம் எவன்ஸ். அவர்களுடைய ராக் இசைக்குழுவின் பெயர் பேட்ஃபிங்கர். 1968இல் ‘தி ஐவீஸ்’ என்ற பெயரில் பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தவர்கள். பவர் பாப் என்ற இசை வகை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இவர்களுடைய ‘நோ மேட்டர் வாட்’ பாட்டைத்தான் போட்டுக்காட்டுவேன். கரகரவென்று கிட்டார், அதன் மேல் தேனாக ஒரு மெட்டு, சேர்ந்து பாடும் குரல்கள்.

பீட்டிடம் சரணம் இருந்தது, பல்லவி சரியாக அமையவில்லை. டாமிடம் பல்லவி இருந்தது, சரணம் இல்லை. இரண்டையும் ஒட்டியதுதான் ‘வித்தவுட் யூ’. 1970இல் ‘நோ டைஸ்’ ஆல்பத்தில் வந்தது. அதைத் தனி இசைத்தட்டாகக்கூட அவர்கள் வெளியிடவில்லை. அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன் பாடி 1972இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. மரியா கேரியின் குரலில் அது வந்தது 1994இல்.

சரி, தெரியாமல் சொல்வது தப்பில்லை. என் அண்ணன் ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட்டின் அட்டையில் நீல மையில் ‘மரியா கேரி’ என்றுதான் இருந்தது. நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். தெரிந்த அன்றே பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதினேன். இடம் போதாமல் ‘எவன்ஸ்’ ஓரத்தில் மடங்கி நிற்கும். சொன்ன பிறகும் சிரிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“பாடகர்தானே பாட்டுக்கு உயிர்” என்பீர்கள். நில்சன் பாடியதுதான் எனக்கும் உசத்தி. அதற்காக எழுதியவன் பெயரை அழிக்கலாமா?

“அவர்களுக்குப் பணம் போயிருக்குமே” என்று இன்னொருவர். இதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அவர்கள் பணமெல்லாம் மேலாளர் ஸ்டான் பாலியின் கையில் இருந்தது. முன்பணக் கணக்கு உதைத்ததால், அப்போது அவர்கள் ஆல்பங்களை வெளியிட்ட வார்னர் நிறுவனத் தரப்பு வழக்குப் போட்டது. அதனால் 1974இல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தைச் சில மாதங்களிலேயே கடைகளிலிருந்து திரும்ப எடுத்துவிட்டார்கள். எவ்வளவு நல்ல ஆல்பம் அது! 1975 ஏப்ரல் 24 அன்று பீட் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்னும் மூன்று நாளில் 28 வயது ஆகியிருக்கும். அவருடைய மகள் பிறந்தது அடுத்த மாதம். 1983இல் டாமும் அதே வழியில் போனார். இந்தப் பாட்டின் உரிமைத்தொகைத் தகராறு அப்போதும் தீரவில்லை.

பணத்தைப் பிடுங்கினார்கள், ஆல்பத்தைப் பிடுங்கினார்கள். மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். அதைச் சொன்னால் நான் ‘ஓவரா சீன் போடுறேனா’? வயசாகிவிட்டதென்று எழுதிய தம்பி, இதில் என் வயசு எங்கே வந்தது?

நேரலைக் காணொளி இன்னும் அப்படியே இருக்கிறது. விளக்கக் குறிப்பில் ஒரு வரி மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எடுத்துப் போட்டுக்கொள்ள இங்கேயே தருகிறேன்: பீட் ஹேம், டாம் எவன்ஸ்.